கிளவ்ஸ் போட்டாக் காணுமோ?

போன மாரிக்கு முன்னம் வளவுக்குள்ள நிக்கிற தேசி மரத்தில காய்ஞ்ச கொப்புகளை வெட்டுவம் எண்டு வெளிக்கிட்டனான். கையில புதுக் கிளவ்ஸ், வெள்ளை நூலில பின்னி உள்ளங்கைப் பக்கம் நீலப் புள்ளி புள்ளியா ரப்பர் வச்சிருக்குமே, மேசன்மார் கல்லுத் தூக்கேக்க போடுவினம், அதுதான். ரெண்டாவது கொப்பைப் பிடிச்சு இழுத்த உடன முள்ளு புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையால பூந்து பெருவிரல் சதைக்குள்ள போய் முறிஞ்சு போச்சு. அம்மா ஊசியைச் சுட்டு முள்ளைக் கிண்டி எடுத்துக்கொண்டே, "கிளவ்ஸ் போட்டனி எல்லோ, பேந்தென்னெண்டு குத்தினது?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் தெரியேல்ல. நல்ல கேள்விதான் எண்டு பட்டுது, அதுக்குப் பிறகு தேடி வாசிச்சதுகளைத்தான் இஞ்ச எழுதுறன்.

முதல் முள்ளின்ர கணக்கு. விரல் நுனி ஒரு சதுர சென்ரிமீற்றர், அதாவது 100 சதுர மில்லிமீற்றர் எண்டு வைப்பம். தேசி முள்ளு நுனி 0.1 மில்லிமீற்றர் அகலம் எண்டா அதின்ர பரப்பு 0.01 சதுர மில்லிமீற்றர்தான். அதே பலத்தை முள்ளால குடுத்தா அமுக்கம் 10,000 மடங்கு. அதுக்கு மேல நூல் கிளவ்ஸ் எண்டது ஓட்டைகளைச் சேத்துக் கட்டின சாமான், முள்ளு நூலை அறுக்கத் தேவையே இல்ல, ரெண்டு பக்கமும் விலக்கிப்போட்டுப் போகும், தையல் ஊசி துணியை வெட்டாமப் போற மாதிரி. தோலில செய்த கிளவ்ஸ் முள்ளுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது இதாலதான். மாட்டுத்தோலோ ஆட்டுத்தோலோ, உள்ளுக்க கொலாஜன் எண்ட புரத நார் நெசவு மாதிரி ஒழுங்கா இல்லாம தும்பு மாதிரி எல்லாப் பக்கமும் சிக்குப்பட்டுக் கிடக்கும், முள்ளு ஒண்டை விலக்கினா அடுத்தது மறிக்கும்.

நல்ல கிளவ்ஸ் வாங்கினா முதுகுப் பக்கம் ஒரு கேடயம், அதுக்குள்ள சுத்தியல் படம், கீழ நாலு இலக்கம் அச்சடிச்சிருக்கும். ஈஎன் 388 எண்ட ஐரோப்பியத் தரம் அது. முதல் இலக்கம் தேய்வு, ரெண்டாவது வெட்டு, மூண்டாவது கிழிவு, நாலாவது குத்து. குத்துக்கு 4 வாங்க 150 நியூட்டன் தாங்கோணும், கிட்டத்தட்ட 15 கிலோ பாரம். கேக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சோதனை செய்யிறது 4.5 மில்லிமீற்றர் தடிப்பான, முனை உருட்டின இரும்புக் கம்பியால! ஆணி, உடைஞ்ச தடி மாதிரி மொத்தமான சாமானுக்கு அது சரி. ஊசி மாதிரி முள்ளுக்கு அந்த இலக்கத்தை முழுசா நம்பேலாது, 4 போட்ட கிளவ்ஸையும் தேசி குத்தும், என்ன, பஞ்சு நூல் மாதிரிச் சும்மா விடாது.

பனை மட்டை வேற விசயம். கருக்கு குத்திறேல்ல, வாள் மாதிரி அறுக்கிறது. அதுக்குப் பாக்க வேண்டியது ரெண்டாவது இலக்கமும், நாலு இலக்கத்துக்குப் பிறகு போட்டிருக்கிற ஏ முதல் எஃப் வரையான எழுத்தும்தான். வெட்டுக்கு நிண்டு பிடிக்கிற நூல்களில பேர் போனது கெவ்லார், 1965ல ஸ்ரெஃபனி குவோலெக் எண்ட வேதியியல் விஞ்ஞானி கண்டுபிடிச்சது. கத்தி பட்டா அறுபடக் கஷ்டம், ஆனா அதுவும் பின்னல்தான், ஓட்டை இருக்கு, தேசி முள்ளு சிரிச்சுக்கொண்டு போகும். வெட்டுக்கு எண்டு விலை குடுத்து வாங்கின கிளவ்ஸோட வேலி முள்ளுக்குள்ள கை வைக்கிற ஆக்கள் இதை ஒருக்கா யோசியுங்கோ.

முள்ளு குத்தினா நோவு மட்டும் இல்ல. ஏற்புவலிக் கிருமி மண்ணுக்குள்ள விதை மாதிரி உறங்கிக்கொண்டு கிடக்கும், காத்துப் படாத ஆழமான சின்னக் குத்துக்காயம்தான் அதுக்கு விருப்பமான இடம், கிளவ்ஸ் இருந்தாலும் ஏற்பு ஊசியை விடக்கூடாது. 2024 டிசம்பர் மழை வெள்ளத்தோட எங்கட யாழ்ப்பாணப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்தக் கிருமியும் தண்ணியில இருந்து தோலில இருக்கிற கீறல் வெடிப்பாலதான் உள்ளுக்க வாறது. சீனி வருத்தம் உள்ள ஆக்கள் வெள்ளம் நிண்ட மண்ணை வெறுங்கையால கிண்டவே வேண்டாம்.

இனித்தான் எனக்குப் பெரிய ஆச்சரியமா இருந்த பகுதி. பக்கத்து வளவு அண்ணை ஒருத்தர் புகையிலை செய்யிறவர். பனி ஈரத்தோட காலமை வெள்ளன வெட்டுற நாளில தலைச்சுத்து, சத்தி எண்டு மத்தியானம் படுத்திடுவார், வெயில் பிடிச்சிட்டுது எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். இதுக்குப் பேர் பச்சைப் புகையிலை நோய், ஈர இலையில இருக்கிற நிக்கொற்றின் தோலால உடம்புக்குள்ள போறது. எங்கட தோலின்ர மேல் படை கல்லுக் கட்டின மதில் மாதிரி, செத்த கலங்கள் கல்லு, இடையில பூசின சாந்து கொழுப்பு. தண்ணியில மட்டும் கரையிற சாமான் அந்தச் சாந்தால லேசில போகாது. நிக்கொற்றின் தண்ணியிலயும் கரையும் கொழுப்பிலயும் கரையும், அதால பனித்தண்ணியில இறங்கித் தோல் கொழுப்பால ஏறிடும். சரி, அண்ணை கிளவ்ஸ் போடேல்லையோ? போட்டவர், பஞ்சு நூல் கிளவ்ஸ். அது பத்து நிமிசத்தில நனைஞ்சு, நிக்கொற்றின் தண்ணியை உறிஞ்சி வச்சுக்கொண்டு மத்தியானம் மட்டும் கையோட ஒட்டிக்கொண்டு இருந்தது. வெறுங்கை எண்டா இடைக்கிடை கழுவியாவது இருப்பார். ஈரத்தில ஊறின தோல் வழமையை விட லேசா விடும் எண்டது வேற, கன நேரம் தண்ணிக்க நிண்டா விரல் வெளிறிச் சுருங்குதே அந்த நிலை. பிழையான கிளவ்ஸ் வெறுங்கையை விட மோசம் எண்டு எனக்கு இதாலதான் விளங்கினது.

மிளகாயும் இதே கதைதான். காரத்தைக் குடுக்கிற கப்சைசின் எண்ணெயில கரையிற சாமான், தண்ணி விட்டுக் கழுவினா அது பாட்டுக்கு இருக்கும். தோலுக்குக் கீழ நரம்பு நுனியில சூட்டை உணர எண்டு ஒரு வாசல் இருக்கு, கிட்டத்தட்ட 43 பாகைக்கு மேல சூடு பட்டாத் திறக்கும், கப்சைசின் கள்ளத் திறப்புப் போட்டு அதைத் திறந்திடும், மூளை கை எரியுது எண்டு நம்பிடும். அந்த வாசலைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் பரிசில பங்கு கிடைச்சது. எரியிற கைக்கு முதல் தேங்காயெண்ணெய் பூசித் துடைச்சுப்போட்டு பேந்து சவர்க்காரம் போடுங்கோ. கண்ணைத் தொட்டிடாதேங்கோ.

அப்ப ரப்பர் கிளவ்ஸ் எண்டா எல்லாத்துக்கும் சரியோ? அதுவும் இல்ல. றப்பர் எங்களுக்கு வெளிநாட்டுச் சாமான் மாதிரித் தெரிஞ்சாலும் ஆசியாவில முதல் றப்பர் மரம் நட்டது எங்கட இலங்கையில, கம்பஹாவில இருக்கிற ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில, 1876ல. அந்தப் பாலில செய்யிற லேற்றெக்ஸ் நல்லா இழுபடும், தண்ணி சேறுக்குத் திறம். ஆனா அது காபனும் ஐதரசனும் மட்டும் சேந்த சங்கிலி, மண்ணெண்ணெயும் அதேதான், இனம் இனத்தோட சேருமெண்டு சொல்லுறது வேதியியலிலயும் சரி. நம்பாட்டி ஒரு பலூனை வளையமா வெட்டி, அடுப்புப் பக்கம் இல்லாம, போத்தில் மூடியில கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டுப் பாருங்கோ, நான் செய்து பாத்தன், ஒரு மணித்தியாலத்தில வளையம் ஊதிப் பெருத்து, தொட்டா சவ்வு மாதிரிக் கொழகொழத்துப் போச்சு. தண்ணியில விட்டா பால் மாதிரி வெளுக்கிற பூச்சி மருந்துகள் கனத்தில கரைப்பானா இருக்கிறது பெற்றோலிய எண்ணெய் வகைதான், அதை மூடியால அளக்கிற நேரம் லேற்றெக்ஸ் வேண்டாம். நைற்றைல் எண்ட செயற்கை றப்பரில செய்த கிளவ்ஸைப் போடுங்கோ. அதின்ர சங்கிலியில நைதரசன் சேந்த கிளைகள் மின்னேற்றத்தை ஒரு பக்கம் இழுத்து வச்சிருக்கிறதால எண்ணெய்க்கும் அதுக்கும் ஒத்துவராது. லேற்றெக்ஸ் புரதத்துக்குக் கை தடிக்கிற ஆக்களுக்கும் இதுதான் வழி.

நைற்றைலும் மதில் இல்ல. ஓட்டை ஒண்டும் இல்லாமலே மூலக்கூறுகள் றப்பருக்குள்ள ஊர்ந்து மற்றப் பக்கம் வரும், அதுக்கு எடுக்கிற நேரத்தைத்தான் அளக்கிறது. குடுவைப் படம் போட்ட, ஐஎஸ்ஓ 374 எண்ட சர்வதேசத் தரக் கிளவ்ஸில ஏ வகை எண்டா குறைஞ்சது 6 இரசாயனத்துக்கு ஒவ்வொண்டுக்கும் 30 நிமிசம் தாக்குப்பிடிக்கோணும், சி வகை எண்டா ஒண்டுக்கு 10 நிமிசம். ஊரத் தொடங்கினது வெளியில கழுவினாலும் நிக்காது, இரவு முழுக்க ஊர்ந்து விடிய உள்பக்கம் நிக்கும். மருந்தடிச்ச கிளவ்ஸை வருசக்கணக்கா வச்சிருக்கிற பழக்கத்தை விடோணும். உள்ளுக்க பஞ்சு வச்சதும் மருந்துக்குச் சரிவராது, தோல் கிளவ்ஸ் அறவே கூடாது, குடிச்சா வெளிய விடாது.

அளவு பாக்கிறது லேசு. பெருவிரலை விட்டுப்போட்டு உள்ளங்கையைச் சுத்தி நாடா பிடிச்சா எத்தின அங்குலமோ அதுதான் நம்பர். லூசான கிளவ்ஸோட சுத்துற மெசின் பக்கம் போகவே வேண்டாம்.

பராமரிப்பில எங்கட ஊர்ப் பழக்கம் ரெண்டு பிழை. ஒண்டு, கழுவி வெயில்ல காயப்போடுறது. புற ஊதாக்கதிர் கெவ்லாரையும் றப்பரையும் தின்னும், நனைஞ்ச தோல் கிளவ்ஸ் நாருக்கு இடையில இருக்கிற எண்ணெய்ப்பிடிப்பை இழந்து அப்பளம் மாதிரிக் காயும். நிழல்தான், காத்து வாற இடம். கெவ்லாருக்குக் குளோரின் சேந்த பிளீச்சும் ஆகாது. ரெண்டாவது, தண்ணி மோட்டர் கொட்டிலுக்குள்ள ஆணியில கொழுவி விடுறது. மோட்டர் பொறியடிக்கேக்க ஓசோன் உண்டாகும், அது இயற்கை றப்பரில இழுபட்டு மடிஞ்சு நிக்கிற இடமாப் பாத்துச் சங்கிலியை வெட்டும், விரலிடுக்கில மயிரளவு வெடிப்புத் தெரிஞ்சா அதுதான் காரணம்.

மருந்தடிச்சு முடிஞ்சா கையில போட்டபடியே சவர்க்காரத்தால கழுவிப்போட்டுத்தான் கழட்டோணும். ஓட்டை பாக்கிறது ரயர் கடைக்காரர் மாதிரி, வாய்ப்பக்கத்தை முறுக்கிக் காத்தை அடைச்சு வாளித் தண்ணிக்க அமத்தினா குமிழி வரும். எங்கட வீட்டில எப்பவும் வலக்கைப் பெருவிரல்தான் முதல் போறது, இப்ப மூண்டு இடக்கை மிஞ்சிக் கிடக்கு. அம்மா அதில ஒண்டை உள்பக்கம் வெளிய வரப் புரட்டி வலக்கையில மாட்டிக்கொண்டு பூச்சாடிக்கு மண் அள்ளுறா. இடக்கையைப் புரட்டினா வலக்கைதான், கணக்குச் சரி. ஆனா மருந்தடிச்சதைப் புரட்டினா மருந்துப் பக்கம் உள்ளுக்க வரும் எல்லோ, அதால அந்தச் சோடியை மட்டும் நான் விரலுகளை வெட்டிப்போட்டுத்தான் எறிஞ்சனான்.