பேட் மாற்றும்போது டிஸ்க்கையும் லேத்துக்குக் கொடுக்கணுமா?

தர்மபுரியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு பிரேக் பேட் மாற்ற வருபவர்களில் பாதிப்பேர் கூடவே கேட்பது: "அப்படியே டிஸ்க்கையும் லேத்துல கொடுத்துடலாமாண்ணா?" அதாவது, பேட் பிடிக்கும் அந்த வட்டத் தகட்டின் முகத்தைக் கடைந்து சமமாக்குவது. பெரும்பாலும் வேண்டாம் என்பேன், ஆனால் அளந்து பார்த்த பிறகுதான்.

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். துருவைத் தேய்த்தால் தெரியும். நிறைய கார்களில் புது டிஸ்க்குக்கும் அந்த எல்லைக்கும் 2 மில்லிமீட்டர் அளவுதான் வித்தியாசம். ஓடி ஓடித் தேய்ந்தது போக மிச்சமிருப்பதை லேத்தில் கடைந்துவிட்டால் அடுத்த பேட் வரை டிஸ்க் தாங்காது.

தடிமனை அளக்க வெர்னியர் (இரண்டு தாடையால் கவ்வி அளக்கும் அளவுகோல்) சரிப்படாது. பேட் படாத வெளி விளிம்பு மேடாக நிற்கும். வெர்னியரின் வாய் அதன்மேல் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கையும் புதுசாகக் காட்டும். மைக்ரோமீட்டரை (சிறு முனைகளால் தொட்டு அளக்கும் திருகு அளவி) விளிம்புக்குச் சற்று உள்ளே, சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கம் இருக்கிறதே! அங்கே நியூட்ரலில் விட்டு (பெட்ரோல் மிச்சமாம்) பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், பாதி வழியில் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

நகத்தில் லேசாகத் தட்டும் கோடுகளுக்கு லேத் தேவையில்லை, புது பேட் அதற்கேற்பப் படிந்துவிடும். பெடல் காலில் துடிக்கிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் முதலில் டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்திலுள்ள (டிஸ்க் பொருந்தி உட்காரும் சக்கர மையம்) துருவைச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் துருவே டிஸ்க்கைக் கோணலாக உட்கார வைக்கும். அப்புறம் மாட்டி டயல் கேஜ் (டிஸ்க் சுற்றும்போது அதன் ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து, ஆட்டம் குறையவில்லை, தடிமனும் தாராளமாக இருக்கிறது என்றால் லேத்துக்குப் போகலாம். ஆனால் லேத்தின் சக்கில் (டிஸ்க்கைக் கவ்விச் சுழற்றும் பிடி) சற்றே சாய்த்துப் பிடித்துக் கடைந்தாலும் இல்லாத நடுக்கம் புதிதாக வந்துவிடும். தடிமன் எல்லையை ஒட்டியிருந்தால் இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் புது டிஸ்க்தான், பேச்சே இல்லை.

பேட் மாட்டியதும் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். பிறகு காலியான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மிதமாகப் பிடித்துவிடுங்கள், பத்து தடவை போல, நடுநடுவே ஆறவிட்டு. சூட்டோடு பெடலை அழுத்தியபடி நிற்காதீர்கள், பேட்டின் மருந்து (டிஸ்க்கில் உராயும் பொருள்) அந்த இடத்தில் மட்டும் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும்.