ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஏன் வெடிக்கிறது?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நாகர்கோவில் மணிமேடை, மீனாட்சிபுரம், செட்டிகுளம் பக்கமெல்லாம் கட்டடங்கள் கண்முன்னே உயர்ந்துகொண்டே போகின்றன. ஆனால் இடிபடுகிற கான்கிரீட் கட்டடங்களில் பலவற்றுக்கு என் வயசுகூட இருக்காது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நானூறு வருஷமாக நிற்கிறதே. கான்கிரீட்டுக்கு அவ்வளவுதானா ஆயுசு?"

முதல் காரணம் பணம், அதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. நடு ஊரில் மனை விலை ஏறிவிட்ட பிறகு, ஒற்றை மாடிக் கடைவரிசையின் வாடகை யாருக்கும் கட்டுப்படியாகாது. அதே ஆண்டு வந்த தமிழ்நாடு கட்டட விதிகளில் 18.3 மீட்டருக்கு உட்பட்டவை அடுக்குமாடிக் கெடுபிடிகள் குறைந்த பிரிவில் வருகின்றன. கீழே வண்டி நிறுத்தம், மேலே ஐந்து மாடி என்று ஒரே அச்சில் கட்டடங்கள் முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் "பழசு தாங்காது சார், இடிச்சிடலாம்" என்று பொறியாளர் சொல்லும்போது அவர் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் கம்பி.

ஈரக் காற்றில் கிடக்கிற இரும்பு துருப்பிடிக்கும் என்பது பள்ளிப்பாடம். அப்படியானால் ஈரத்தோடேயே வார்க்கப்படும் கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் உடனே துருப்பிடிப்பதில்லை? சிமென்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பால் உள்ளே காரத்தன்மை கடுமையாக இருக்கிறது, பிஎச் 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம்தான் கட்டடத்தின் ஆயுசு.

இதை அழிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு. கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே போய்ச் சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. காரம் குறைந்து பிஎச் 9க்குக் கீழே வந்ததும் படலம் கரைந்துவிடும். தக்கலைக்காரருக்கு இங்கே பாதி பதில் கிடைத்துவிடுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் இறுகிக் கெட்டியாவதும் இதே வேதிவினையால்தான். அரண்மனைச் சுவருக்கு வலிமை தருகிற வாயுவே கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எமன். மரமும் கல்லும் சுண்ணாம்பும் ஓடுமாக நிற்கிற அந்த அரண்மனையைத் தாங்குவது கம்பி இல்லை, எனவே துருவுக்கு அங்கே வேலையும் இல்லை. பராமரிப்பும் ஒழுங்காக நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி உப்பு. கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நாகர்கோவிலைவிட முட்டம், குளச்சல், கன்னியாகுமரிக்காரர்களுக்குத்தான் இது பெரிய தலைவலி. காற்றில் வருகிற உப்பின் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில கிலோமீட்டருக்குள்ளேயே படிந்துவிடுகிறது. சரியாகக் கழுவாத கடல்மணலைக் கலவையில் போட்டால் மட்டும் தூரக்கணக்கு செல்லாது. உப்பு அப்போது கட்டும்போதே உள்ளே இருக்கிறது.

உப்பிலுள்ள குளோரைடு, படலத்தில் பலவீனமான ஒரு புள்ளியைத் துளைக்கிறது. அங்கிருந்து இரும்பு அயனியைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. சற்றுத் தள்ளி இரும்பு தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாகிவிட, குளோரைடு விடுபட்டு அடுத்த நடைக்குத் திரும்புகிறது. குளச்சலில் மீனை இறக்கிவிட்டு மறுபடி கடலுக்குப் போகிற வள்ளம் மாதிரி. ஒரே வள்ளம் எத்தனை நடை வேண்டுமானாலும் போகலாம். இந்த வேலையில் குளோரைடு தீர்ந்துபோவதில்லை என்பதால், உள்ளே போன உப்பு கொஞ்சம்தானே என்று ஆறுதல்பட முடியாது. அந்தக் குழிக்குள் அமிலமும் சேர்ந்துகொள்ளும்.

உண்டாகும் துரு, தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். இழுவிசையைத் தாங்காத கான்கிரீட் கம்பியை ஒட்டி நீளவாக்கில் வெடிக்கும். சன்ஷேடின் அடியில் பழுப்புக் கோடு தெரியும், அப்புறம் ஒருநாள் ஒரு பாளம் கீழே விழும்.

வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுவார். வெடித்த இடத்தைக் கொத்தி, துருவைச் சுரண்டி, புதுக் கலவை வைத்துப் பூசிவிட்டுப் போவார் கொத்தனார். இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று இருக்கும், அதற்கு ஓர் அடி தள்ளிப் புதிதாக வெடித்திருக்கும். "வேலை சரியில்லை" என்று கொத்தனாருக்குத் திட்டு விழும். பாவம், அவர் ஒழுங்காக வேலை செய்ததுதான் இங்கே வம்பு.

துருப்பிடித்தல் ஒரு மின்கலம். ஓர் இடத்தில் இரும்பு கரைந்து எலக்ட்ரானை விடுகிறது, அது நேர்மின்வாய். அந்த எலக்ட்ரான் கம்பி வழியாகவே ஓடி வேறோர் இடத்தில் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்கிறது, அது எதிர்மின்வாய். எலக்ட்ரான் வந்து சேர்கிற இடத்தில் இரும்பு கரைவதில்லை. ஆக, அரித்துக்கொண்டிருந்த அந்த ஒரு புள்ளிதான் அக்கம்பக்கத்துக் கம்பியை அதுவரை காப்பாற்றிக்கொண்டிருந்தது! பக்கத்திலும் உப்பு ஏறித்தான் இருந்தது, ஆனாலும் அரிக்கவில்லை. கொத்தனார் அந்தப் புள்ளியை உப்பில்லாத, காரம் நிறைந்த புதுக் கலவையால் மூடினார். அங்கே புதுப் படலம் படிந்தது, அந்த இடம் எதிர்மின்வாயாக மாறியது. பாதுகாப்பு போன பக்கத்துக் கம்பி, ஏற்கனவே உப்பில் ஊறியது, இப்போது நேர்மின்வாய். ஒட்டின் ஓரத்தைச் சுற்றி வளையமாக வெடிப்பு கிளம்புவது இதனால்தான். முதன்முதலில் இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட குஷி கொஞ்சநஞ்சமல்ல.

நம் பக்கத்தில் இதற்கு வேறொரு விளக்கமும் புழங்குகிறது: கன்னி மூலை தோஷம். கன்னி மூலை என்பது தென்மேற்கு. ஜூன் முதல் செப்டம்பர்வரை பருவக்காற்று கடலின் உப்பையும் சாரலையும் அள்ளிவந்து மோதுகிற திசையும் அதுதான். கடலோரத்தில் அந்த மூலை முதலில் வெடித்தால் அதில் மர்மம் இல்லை. பரிகாரத்துக்குச் செலவழிப்பதைக் கம்பிக்கும் கான்கிரீட் பரப்புக்கும் இடையே விடுகிற கவருக்குச் செலவழித்தால் பலன் உண்டு. 1978 இந்தியத் தரவிதியில் சாதாரணத் தளத்துக்கு அடிப்படைக் கவர் 15 மில்லிமீட்டர். 2000இல் வந்த விதி கடலோரச் சூழலுக்கு 45 கேட்கிறது. உப்பு ஊடுருவ ஆகும் காலம் ஏறத்தாழ ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கவர் மூன்று மடங்கானால் காலம் ஒன்பது மடங்கு! அந்த இடைவெளி குறையாமல் கம்பிக்கு முட்டுக்கொடுக்கிற கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித்துண்டை வைக்கிற இடங்களில் நாம் இழப்பது இதைத்தான்.

ஏற்கனவே உப்பேறிய கட்டடத்துக்கும் வழி உண்டு. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையின் கல்லில் ஏறும் உப்பை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காகிதக்கூழைப் பூசி உறிஞ்சி எடுக்கிறார்கள். கான்கிரீட்டில் கூழ் அவ்வளவு ஆழம் எட்டாது. வெளியே ஒரு மின்வாய் வைத்துச் சில வாரங்கள் மின்னோட்டம் கொடுத்துக் குளோரைடை வெளியே இழுக்கலாம். எளிய வழி, ஒட்டுப்போடும்போதே அதன் ஓரத்துக் கம்பியில் துத்தநாக வில்லையைக் கட்டிவிடுவது. கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும்.

இவற்றை ஆராய வெளிநாடு போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்பியலில் பெயர்பெற்றது. என் குறை வேறு: பொறியியல் கல்லூரிகள் இத்தனை இருக்கிற குமரி மாவட்டத்தில், இடிக்கும் முன் கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து சொல்ல ஊருக்கு ஒரு குழு இருக்கலாமே, அதற்கு மானியம் தரலாமே. கருவியும் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு செம்பு-செம்பு சல்ஃபேட் மின்வாயும் வோல்ட்மீட்டரும்தான். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே காட்டினால் பெரும்பாலும் அரிப்பு நடக்கிறது என்று பொருள். காரம் போய்விட்டதா என்று பார்க்க இன்னும் மலிவான வழி இருக்கிறது. புதிதாக உடைத்த பரப்பில் ஃபினாஃப்தலீன் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. தக்கலைக்காரர் தன் வீட்டு சன்ஷேடில் சந்தேகப்பட்டால் ப்ளஸ் டூ மாணவர்களிடமே கேட்கலாம், அந்த பாட்டில் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும்.