நாற்பது யார்டு நேரத்தை வைத்து ரன்னிங் பேக்கை எடைபோடாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்து ஆடும் கல்லூரி வீரர்களின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்து மதிப்பிடுவது என் தொழில். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்கு வர விரும்பும் வீரர்களைச் சோதிக்கும் தேர்வு முகாம் இண்டியானாபொலிஸில் தொடங்கிவிட்டால் போதும், "நாற்பது யார்டை எத்தனை நொடியில் ஓடினான்?" என்ற கேள்வி வரிசையாக வந்து விழும். இந்த வாரமும் ஒரு ரன்னிங் பேக்கின், அதாவது பந்தைச் சுமந்து ஓடும் வீரரின், சிறப்புக் காட்சித் தொகுப்பை அனுப்பி, அணிகள் சுற்றுச் சுற்றாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சுற்றிலேயே இவரை எடுக்கலாமா என்று கேட்டார்கள். அதில் அவர் எதிராளியை மறித்த காட்சி ஒன்றுகூட இல்லை.

நாற்பது யார்டு ஓட்டத்தில் கையில் பந்து இல்லை, உடலில் கவசம் இல்லை, எதிரே மறிக்க ஆள் இல்லை. ஆட்டத்திலோ பெரும்பாலான ஓட்டங்கள் பத்து யார்டைக்கூடத் தாண்டுவதில்லை. 195 பவுண்டு எடையுள்ளவர் 4.5 நொடியில் ஓடுவதும் 225 பவுண்டு எடையுள்ளவர் அதே நேரத்தில் ஓடுவதும் ஒன்றாகா. வேகம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை; 2008 முகாமில் 4.24 நொடியில் ஓடிய கிறிஸ் ஜான்சன் அடுத்த ஆண்டே பந்துடன் ஓடி 2,006 யார்டு எடுத்தார். ஆனால் 2022இல் 4.65 நொடியில் ஓடி, ஐந்தாம் சுற்று வரை காத்திருந்த கைரன் வில்லியம்ஸ், மறு ஆண்டு பன்னிரண்டே ஆட்டங்களில் 1,144 யார்டு எடுத்தார். எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்ட ஏரியன் ஃபாஸ்டர்தான் 2010இல் 1,616 யார்டுடன் லீகிலேயே முதலிடம் பிடித்தார். இவ்வளவுக்குப் பிறகும் நொடிக் கணக்கையே பிடித்துக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரியில் எடுத்த யார்டுகளும் ஏமாற்றக்கூடியவையே. 2012இல் மூன்றாவது ஆளாகத் தேர்வான ட்ரென்ட் ரிச்சர்ட்சனுக்கு, அலபாமா பல்கலைக்கழக அணியின் ஆஃபென்சிவ் லைன் (முன்னால் நின்று எதிரணியை மறிக்கும் வரிசை) திறந்துவிட்ட அகலமான வழிகள் தொழில்முறை ஆட்டத்தில் கிடைக்கவில்லை. அங்கே அவருடைய மொத்தச் சராசரி ஓர் ஓட்டத்துக்கு 3.3 யார்டுதான். ஆகவே வழி அடைபட்ட ஓட்டங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு யார்டு இழக்க வேண்டிய இடத்தில் மூன்று யார்டு எடுப்பவரை, எழுபது யார்டு ஓட்டம் ஒன்றைக் காட்டுபவரைவிட மேலாக நான் மதிப்பேன்.

அடுத்து, மூன்றாவது டவுன், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது. எதிரணியின் தடுப்பாளரான ஒரு லைன்பேக்கர், நம் முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்கும் அவருக்கு அடுத்து நிற்கும் கார்டுக்கும் நேரே இடையில் வந்து நிற்கிறார், இன்னொருவர் ஓரத்தில் நிற்கிறார். இருவரும் பாய்ந்தால் ரன்னிங் பேக் உள்ளே வருபவரைத்தான் முதலில் மறிக்க வேண்டும், ஏனெனில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எட்ட அவருக்கே தூரம் குறைவு. அந்த நொடியில் பதிவை நிறுத்தி, வீரரின் தலைக்கவசம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். இதில் தவறுகிற இளைஞர், எவ்வளவு வேகமாக ஓடினாலும், பயிற்சியாளரின் நம்பிக்கையைப் பெற முடியாது.

தயவுசெய்து முழு ஆட்டங்களைப் பாருங்கள். வலிமையான எதிரணிகளுடன் ஆடியவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை நழுவவிட்டது எப்படி என்று கவனியுங்கள். ஓரக்கோட்டுப் பக்கம் ஓடும்போதும் உள்பக்கக் கையிலேயே பந்தை வைத்திருப்பது திருத்தக்கூடிய பழக்கம்தான். கல்லூரியில் எத்தனை முறை பந்தைச் சுமந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த அடிகளையெல்லாம் அவருடைய உடல்தான் வாங்கியிருக்கிறது.

காயங்களைப் பற்றி மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அறுவை சிகிச்சை என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் இருபத்தொரு வயது இளைஞரின் எதிர்காலமே முடிந்துவிட்டதாகத் தீர்ப்பு எழுதுகிறார்கள். கல்லூரியில் இரண்டு முழங்கால்களிலும் தசைநார் கிழிந்த ஃபிராங்க் கோர், 2005இல் மூன்றாம் சுற்றில் தேர்வாகி 16,000 யார்டு ஓடினார். முழங்காலைச் சோதித்துச் சொல்வது அணி மருத்துவரின் வேலை. அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.