போர்லாண்ட் கைமாறிய வரலாறும் நம் கடைக் கணினியில் இருக்கும் கணக்கும்

“நேற்றுவரை ஓடிக்கொண்டுதானே இருந்தது, தம்பி?” தொண்டி முதல் ஏர்வாடி வரையுள்ள ஐஸ் பிளான்டுகளிலும் கருவாட்டுக் கம்பெனிகளிலும் பழைய கணக்கு மென்பொருள்களைச் சரிசெய்து கொடுக்கும் வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அண்மையில் ஓர் ஐஸ் பிளான்ட் உரிமையாளரும் இதையே கேட்டார். இனியும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விளக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அவருடைய கணினியின் மதர்போர்டு உப்புக்காற்றில் களிம்பேறிப் பழுதாகிவிட்டது. ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. ஒரு கடையில் அதிலிருந்த ஃபோல்டரைப் புதிய லேப்டாப்பில் நகலெடுத்துக் கொடுத்திருந்தார்கள். நிரலைத் திறந்தால், கணக்குக் கோப்புகளிலிருந்து தரவை எடுத்துத் தரும் துணை மென்பொருளான போர்லாண்ட் டேட்டாபேஸ் எஞ்சினைத் தொடங்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி மட்டும் வந்து நின்றது. எந்த விசைப்படகு எத்தனை கட்டி ஐஸ் எடுத்தது, யார் பேரில் எவ்வளவு பற்று நிற்கிறது என்ற விவரம் முழுவதும் அதற்குள் இருந்தது. நிரலை எழுதிக் கொடுத்த பையன் வளைகுடாவுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நிரலைத் திருத்தத் தேவையான மூல வரிகள், அதாவது சோர்ஸ் கோடு, யாரிடமும் இல்லை. “அந்த போர்லாண்டுக்காரர்களுக்கே போன் போட்டுக் கேட்க முடியாதா?” என்றார் அவர். முடியாது. அந்தப் பெயரில் பதில் சொல்லும் நிறுவனம் இன்று இல்லை.

ஒரு காலத்தில் அது மிகப் பெரிய பெயர். பிரான்சிலிருந்து அமெரிக்கா சென்ற பிலிப் கான் 1983-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர்களை மற்றவர்கள் பல நூறு டாலருக்கு விற்ற அந்த ஆண்டிலேயே, பாஸ்கல் மொழிக்கான டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு வெளியிட்டது. எழுதும் திரையும் கம்பைலரும் ஒன்றாக இருந்ததால், பிழை எந்த வரியில் இருக்கிறது என்பதை அங்கேயே காட்டும். அதன் கம்பைலரை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். 1987-இல் டர்போ சி, 1990-இல் டர்போ சி++ வந்தன. கல்லூரி ஆய்வகத்தின் நீலத் திரையில் முதல் நிரலை எழுதிய நம் பிள்ளைகளுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1995-இல் டெல்பி வந்தது. பொத்தான்களையும் அட்டவணைகளையும் திரையில் இழுத்து வைத்து, ஒரே ஆள் சில வாரங்களில் பில் போடும் மென்பொருளை எழுதி முடிக்க அது வழிசெய்தது. நம் கடற்கரைக் கடைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் பல அப்படிப் பிறந்தவை.

ஆனால் டெல்பி வருவதற்கு முன்பே நிறுவனம் ஆட்டங்கண்டிருந்தது. 1991-இல் டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உரிமையாளரான ஆஷ்டன்-டேட் நிறுவனத்தை ஏறத்தாழ 44 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதற்குப் போட்டியான தன் ஆக்சஸை வெளியிட்டதோடு, அதே வகை மென்பொருளான ஃபாக்ஸ்ப்ரோவை உருவாக்கிய நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. 1994-இல் போர்லாண்டின் விரிதாள் மென்பொருளான குவாட்ரோ ப்ரோ நாவெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1995-இல் கான் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1996-இல் ஹெய்ல்ஸ்பெர்க் மைக்ரோசாஃப்டுக்குப் போய், பின்னாளில் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மொழிகளை வடிவமைத்தார். 1998-இல் நிறுவனத்தின் பெயர் இன்பிரைஸ் என்று மாறி, 2001-இல் மீண்டும் போர்லாண்ட் ஆனது. 2006-இல் டெல்பி உள்ளிட்ட நிரலாக்கக் கருவிகள் கோட்கியர் என்று தனியாகப் பிரிக்கப்பட்டு 2008-இல் எம்பார்காடெரோ நிறுவனத்துக்குப் போயின. மிஞ்சிய போர்லாண்டை 2009-இல் மைக்ரோ ஃபோகஸ் வாங்கியது. 2015-இல் எம்பார்காடெரோவை ஐடேராவும், 2023-இல் மைக்ரோ ஃபோகஸை ஓப்பன்டெக்ஸ்டும் வாங்கின. டெல்பி இன்றும் புதிய பதிப்புகளோடு விற்பனையில் இருக்கிறது. நம் கடைக் கணக்கைத் தாங்கிக்கொண்டிருக்கும் பாரடாக்ஸ் வகைத் தரவுக் கோப்புகளுக்கும் அவற்றைத் திறக்கும் டேட்டாபேஸ் எஞ்சினுக்கும்தான் கவனிப்பார் இல்லை. ஃபாக்ஸ்ப்ரோ வைத்திருப்பவர்களும் நிம்மதி அடைய வேண்டாம்; அதன் கடைசிப் பதிப்பு 2004-இல் வந்தது, மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015-இல் நின்றுவிட்டது.

இப்போது அந்த “ஓடிக்கொண்டுதானே இருந்தது” என்ற வாதத்துக்கு வருகிறேன். ஓடுகிறது என்றால், அந்தப் பழைய நிரல், அது தேடும் எஞ்சின், அந்த எஞ்சினின் அமைப்புகள், அதை அனுமதிக்கும் பழைய விண்டோஸ், எல்லாவற்றையும் சுமக்கும் இரும்புப் பெட்டி ஆகிய அத்தனையும் இன்று காலை ஒரே இடத்தில் ஒன்றாக இருந்தன என்று மட்டுமே பொருள். அதில் ஒன்று போனால் மற்றவை நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. மின்தடை வந்து யூபிஎஸ் கைவிட்டால் பதிவுகளைத் தேட உதவும் பாரடாக்ஸின் இன்டெக்ஸ் கோப்பு உடையும். ஹார்டு டிஸ்கில் காலியிடம் 4 ஜிபியின் மடங்குக்கு மிக அருகில் வரும்போது, தாராளமாக இடம் இருந்தும் இடமில்லை என்று மறுக்கும் பழைய குறை ஒன்று அந்த எஞ்சினில் உண்டு. அதை இனி யாரும் வந்து திருத்தப் போவதில்லை. ஐஸ் பிளான்டில் எஞ்சினைத் தனியாக நிறுவி நிரலை மறுபடி ஓட வைத்தேன், தரவை வெளியே எடுப்பதற்குத் தேவைப்பட்ட அவகாசத்துக்காக. அது ஓடத் தொடங்கியதும் உரிமையாளர் முகம் மலர்ந்து, “இதுவே போதும் தம்பி, ஓடுகிறதே” என்றார். அந்த வார்த்தை என்னைச் சோர்வடையச் செய்தது. அவரை அரைநாள் உட்கார வைத்துப் பேசித்தான் தரவை வெளியே எடுக்கச் சம்மதிக்க வைக்க முடிந்தது.

தமிழில் பெயர்களை ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு, டெல்பிக்கு முழுமையாக 2008-இல் வெளிவந்த டெல்பி 2009 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எழுதியவர்கள் டாம், டாப் போன்ற பழைய தமிழ்க் குறியீடுகளிலோ தனியார் எழுத்துருக்களிலோ படகின் பெயரையும் சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், பெயரையும் பதிந்திருப்பார்கள். தரவை எக்செலுக்கு எடுத்தவுடன் அந்தக் கட்டங்களில் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கொக்கிகளுமாக வந்து விழும். தரவு கெட்டுவிட்டது என்று அதை அழித்துவிட்டுக் கையால் தட்டச்சு செய்யச் சொல்பவர்களை நம்பாதீர்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் ஒட்டுமொத்தமாக யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். ஆகவே பழைய கணினியிலிருந்து கணக்கை எடுக்கும்போது எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள்.

பேக்கப் என்று ஒரே ஒரு கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பாரடாக்ஸில் டிபி (.DB) கோப்போடு பிஎக்ஸ் (.PX), எம்பி (.MB) என்று முடியும் கோப்புகளும் இருக்கும்; எம்பியில்தான் நீளமான குறிப்புகள் இருக்கும், அதை விட்டுவிட்டால் டிபியும் திறக்க மறுக்கும். முழு ஃபோல்டரையும் எடுங்கள், நிரலை மூடிவிட்டு எடுங்கள். அதே கணினியின் டி டிரைவில் வைப்பது பேக்கப் ஆகாது. வருடக் கணக்கு முடிந்ததும் எல்லாப் பேரேடுகளையும் எக்செலிலும் காகிதத்திலும் எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம், கணினி செத்துவிட்டது என்பது அதற்குப் பதில் ஆகாது.

புதிதாக மென்பொருள் எழுதித் தருபவர் யாராக இருந்தாலும், உறவுக்காரப் பையனாகவே இருந்தாலும், சோர்ஸ் கோட்டையும் அதன் உரிமையையும் எழுத்தில் வாங்குங்கள். பணம் கொடுத்து எழுதச் சொன்னதாலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. உங்களிடம் சம்பளத்துக்கு இல்லாத ஒருவர் எழுதியது, எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராதவரை அவருடையதுதான்.

பழைய மென்பொருளை மாற்றுவதற்குச் சீசன் நடுவில் என்னை அழைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இதற்கென்றே அமைந்தது போன்றது. பற்றுவரவு நின்றிருக்கும், பழைய கணக்கையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட நேரம் இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அடுத்து வாங்கும் கணினியில் விண்டோஸ் 11 தான் இருக்கும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் அதில் நேரடியாகத் திறக்கவே திறக்காது. அதற்குள் பழைய கணினி செத்துப்போனால், இரும்புக் கடைக்குப் போடும் முன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி ஈரம் படாத பையில் சுற்றி வையுங்கள். யார் என்ன சொன்னாலும் அதை ஃபார்மேட் செய்ய விடாதீர்கள்.