'பின்னாடி எதுக்காவது உதவும்' என்று பணம் போடாதீர்கள்

சென்ற வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். இருவரும் தனியார் பள்ளி ஆசிரியர்கள். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கிறாள், 2028இல் கல்லூரி. கொண்டுவந்த ஃபைலில் நான்கு ஆயுள் காப்பீட்டு பாலிசிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடப் பிரீமியம் 1,80,000 ரூபாய். மகளின் கல்லூரிச் செலவுக்கு இது போதுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். எடுத்துப் பார்த்தால், நான்கில் முதலில் முதிர்வதே 2037இல்தான்.

எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டேன். "சேமிப்புதானே மேடம், பின்னாடி எதுக்காவது உதவும்னு போட்டோம்" என்றார் கணவர்.

நிதி ஆலோசகராக நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான். டாக்டரும் சொல்கிறார், மளிகைக்கடை வைத்திருப்பவரும் சொல்கிறார், ஐடியில் கைநிறையச் சம்பளம் வாங்கும் பையனும் சொல்கிறான். செலவு செய்யாமல் எங்காவது போட்டு வைத்தாலே போதும், தேவை வரும்போது அது வந்து நிற்கும் என்று உண்மையிலேயே நம்புகிறார்கள். நிற்காது. இதைப் பொறுமையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பணம் போடும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. பிபிஎஃப் என்னும் பொது வருங்கால வைப்பு நிதி 15 வருடம். ஓரளவு எடுக்கலாம் என்றாலும் ஏழாம் வருடத்திலிருந்துதான். செல்வமகள் சேமிப்புக் கணக்கு முதிர்வது குழந்தைக்கு 21 வயதாகும்போது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 வருடம். ஒன்பது வயதில் தொடங்கினால் அவளுக்கு முப்பது வயதில் முதிரும். படிப்புக்கு என்றால் 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ பாதி வரை எடுக்கலாம், அவ்வளவுதான். பங்குச்சந்தைப் பணத்துக்கு வேறு மாதிரிக் காலக்கணக்கு. 2020 ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த நிஃப்டி என்னும் பங்குச்சந்தைக் குறியீடு, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. பத்து வருடம் கழித்துத் தேவைப்படும் பணம் என்றால் அந்தச் சரிவு ஒரு பழைய செய்தி. அந்த ஜூனில் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வைத்திருந்தவருக்கு அது பேரிடி.

தலைகீழாகவும் நடக்கிறது. முப்பது வயதுக்காரர் தன் ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் வங்கி எஃப்டியில் வைத்துக்கொண்டு பத்திரமாக இருப்பதாக நினைக்கிறார். 6 சதவீத வட்டியில் பணம் இரட்டிப்பாக 12 வருடம் ஆகும், அந்த வட்டிக்கும் வரி உண்டு. அதற்குள் வீட்டுச் செலவு எங்கே போய் நிற்கும் என்று அவர் கணக்குப் போடவில்லை.

ஆக, ஒருவருக்கு நல்லதாக இருப்பது இன்னொருவரைக் கவிழ்க்கும். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்று "இங்கே நல்ல பஸ் எது?" என்று கேட்டால் கண்டக்டர் என்ன சொல்வார்? எந்த ஊருக்குப் போகணும் என்றுதான் திருப்பிக் கேட்பார். "எதுல போட்டா நல்ல லாபம் வரும் மேடம்?" என்ற கேள்விக்கு என்னிடமும் அந்தக் கேள்விதான் இருக்கிறது. சலித்துக்கொள்ளாதீர்கள். அதைக் கேட்காமலேயே உங்களுக்கு ஒன்றை விற்கத் தயாராக இருப்பவரிடம்தான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

"வரிக்காக வாங்கினோம்" என்று அந்த ஆசிரியை சொல்லிப் பார்த்தார். இருவருக்கும் தலா வருடம் ஆறு லட்சத்துக்குள்தான் சம்பளம், இருவரும் புதிய வரி முறையில் இருக்கிறார்கள். அதில் பிரீமியத்துக்குக் கழிவே கிடையாது. 2025–26 முதல் அந்த முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியும் இல்லை. கட்டவே தேவையில்லாத வரியை மிச்சம் பிடிக்க வருடம் 1,80,000! ஒவ்வொரு மார்ச் மாதமும் இது நடக்கிறது. ஏஜென்ட் பெரும்பாலும் சொந்தக்காரர், முகத்தை முறிக்க முடியவில்லை என்பார்கள். உறவுக்காகச் செய்ய வேண்டுமென்றால் மொய் வையுங்கள். இருபது வருடம் பிரீமியம் கட்டாதீர்கள்.

சரி, போக வேண்டிய ஊர், அதாவது இலக்கு, என்று நான் சொல்வது எதை?

அன்று இருவர் கையிலும் தனித்தனிக் காகிதம் கொடுத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதச் சொன்னேன். தம்பதிகள் வந்தால் இதை நான் எப்போதும் செய்கிறேன், ஏனென்றால் பேச விட்டால் பெரும்பாலும் ஒரு குரல்தான் கேட்கும். கணவர், மகள் படிப்பு, ஊரில் வீடு என்று எழுதினார். மனைவி முதல் வரியில் எழுதியது: "ஐம்பது வயதில் வேலையை விட வேண்டும்." நாள் முழுக்க நின்று பாடம் நடத்தி முழங்கால் போய்விட்டதாம். அவருக்கு இப்போது 44. கணவர் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது அவர் காதுக்கு வந்ததில்லை. வீட்டுக் கடன் வாங்கலாமா என்று அடுத்து கேட்க இருந்தவர், அதைக் கேட்காமலே போனார்.

எண் மட்டும் இலக்கு ஆகாது. ஒரு இளைஞர் வந்து ஒரு கோடி சேர்க்க வேண்டும் என்றார். எதற்கு என்றால் பதில் இல்லை. பேசப் பேசத்தான், ஐந்து வருடத்தில் வேலையை விட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் சின்னதாக ஒரு மாட்டுப்பண்ணை வைக்கும் ஆசை வெளியே வந்தது. அவர் கணக்குப்படியே அதற்கு 15 லட்சம் போதும். ஒரு கோடியைத் துரத்தியிருந்தால் அந்தப் பண்ணை நடந்தே இருக்காது.

யாருமே எழுதாத இலக்குகளும் உண்டு. தங்கை மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர், மச்சான் வீட்டுப் புதுமனைப் புகுவிழா, அப்பாவின் கண் அறுவை சிகிச்சை. எல்லாம் வரும் என்று முன்பே தெரியும், ஆனாலும் வந்த பிறகு நகையைத்தான் அடகு வைக்கிறோம். தயவுசெய்து இவற்றையும் எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழுதும்போது யாருக்கு, எந்த வருடம், இன்றைய விலையில் எவ்வளவு என்று மூன்றும் இருக்கட்டும். கூடவே, தள்ளிப்போட முடியுமா என்பதையும் எழுதுங்கள். வீடு கட்டுவதை இரண்டு வருடம் தள்ளலாம், கல்லூரியைத் தள்ள முடியாது. இன்று 10 லட்சம் ஆகும் படிப்பு, கட்டணம் வருடம் 8 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் 21 லட்சத்தைத் தாண்டும். கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஹாஸ்டல், மெஸ், பஸ், லேப்டாப் எல்லாம் கேளுங்கள். பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் தமிழக அரசு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் விசாரியுங்கள். அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது, உங்கள் கணக்கே மாறிவிடும்.

அப்புறம், பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் படிப்புக்காகவோ கல்யாணத்துக்காகவோ பிஎஃப் பணத்தைத் துடைத்து எடுக்காதீர்கள். படிப்புக்கு 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வங்கியில் கடன் கேட்கலாம். உங்கள் எழுபது வயதுச் சாப்பாட்டுக்கு எந்த வங்கியும் கல்விக் கடன் மாதிரி ஒன்று தராது.

அந்தத் தம்பதியின் பழைய பாலிசிகள் மூன்றையும், இனிப் பிரீமியம் கட்டாமல், இதுவரை கட்டியதற்கு ஏற்ற குறைந்த தொகையோடு முதிர்வு வரை தொடரும் பெய்ட்-அப் ஆக மாற்ற முடியுமா என்று பார்க்கிறோம். சரண்டர் செய்தால், அதாவது இப்போதே முடித்துப் பணத்தை வாங்கினால், நஷ்டம் அதிகம். மிச்சமாகும் பிரீமியப் பணம் மாதாமாதம் ஆர்டி என்னும் தொடர் வைப்புக்குப் போகும், மகள் படிப்புக்குப் போதாமல் போகும் தொகைக்குக் கல்விக் கடன். குடும்பத்துக்குப் போதுமான காப்பீடு அந்த நான்கில் ஒன்றிலும் இல்லை என்பதால் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான்காவது பாலிசிதான் வயிற்றெரிச்சல். பத்திரம் அவர்கள் கைக்கு வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. முப்பது நாளுக்குள் என்றால், பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அதுவரையிலான காப்பீட்டுக்கான சிறு தொகை இவை போக மீதியைத் திரும்ப வாங்கியிருக்கலாம். உங்கள் வீட்டில் புதிதாக வந்த பாலிசி ஏதாவது இருந்தால் இன்றே வெளியே எடுத்து, கைக்கு வந்த தேதியையும் முதிரும் வருடத்தையும் பாருங்கள். அந்த வருடத்தில் உங்களுக்கு என்ன தேவை என்று சொல்லத் தெரியவில்லை, முப்பது நாளும் இன்னும் முடியவில்லை என்றால், பாலிசி வேண்டாம் என்று கடிதம் எழுதுங்கள். அதை ஏஜென்ட்டிடம் கொடுக்காதீர்கள். நேராக நிறுவனக் கிளையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.