57 கிலோவுக்காகத் தண்ணீரை நிறுத்தும் பையன்கள்

கேரள-தமிழ்நாடு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பையன்கள் குத்துச்சண்டை பழகப் போவது இப்போது சகஜமாகிவிட்டது. சிலர் பாலக்காட்டுக்கு, சிலர் பொள்ளாச்சிக்கு. நல்ல விஷயம்தான். போட்டி நெருங்கும்போது மட்டும் என் கிளினிக்கில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "டாக்டருங்க, மூணு நாள்ல நாலு கிலோ குறையோணும், ஏதாச்சும் மாத்திரை இருக்குங்களா?"

மூன்று நாளில் நாலு கிலோ கொழுப்பு கரையாது. கரைவதில் பெரும்பகுதி உடம்பில் இருக்கும் தண்ணீர்தான்.

குத்துச்சண்டையில் எடைப் பிரிவு வாரியாகத்தான் மோதுவார்கள். ஃபெதர்வெயிட் என்ற பிரிவுக்குத் தொழில்முறையில் உச்ச வரம்பு 126 பவுண்டு, அதாவது 57 கிலோ சொச்சம். அமெச்சூரில் 2023-இல் அது 57 கிலோ. நிஜாமாபாத்தைச் சேர்ந்த முகமது ஹுசாமுதீன் 2023 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். 61 கிலோ இருக்கும் பையன் 57-க்கு இறங்கினால் தன்னைவிடச் சின்ன உடம்புக்காரனோடு மோதலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. இறங்கும் வழிதான் ஆபத்து.

இந்தப் பையன்களிடம் நான் எப்போதும் பாரி மெக்கிகனைப் பற்றிச் சொல்வேன். அயர்லாந்தில் குளோன்ஸ் என்ற ஊர்க்காரர். நம்மைப் போல எல்லையோரத்து ஆள்தான், வடக்கு அயர்லாந்து அங்கிருந்து கூப்பிடு தூரம். 1978 காமன்வெல்த் போட்டியில் தங்கம், 1981-இல் தொழில்முறைக்கு வந்தார். 1985 ஜூனில், ஏழு வருஷமாகப் பட்டத்தை விடாமல் வைத்திருந்த பனாமாவின் யூசேபியோ பெட்ரோசாவை லண்டனில் 15 சுற்று ஆடிப் புள்ளிகளில் வென்று உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் (டபிள்யூ.பி.ஏ.) ஃபெதர்வெயிட் சாம்பியன் ஆனார்.

அடுத்த ஜூன். லாஸ் வேகாஸ் பாலைவன வெயில், திறந்தவெளி மேடை, மறுபடி 15 சுற்று. எதிரே ஸ்டீவ் குரூஸ். வேறொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர், அவ்வளவாகப் பெயர் தெரியாதவர். பாதி ஆட்டம் வரை மெக்கிகன் கைதான் ஓங்கியிருந்தது. பத்தாவது சுற்றில் ஒருமுறை விழுந்தார். பதினைந்தாவதில் இரண்டு முறை. அந்தக் கடைசிச் சுற்றில் விழாமல் நின்றிருந்தால் பட்டம் அவரிடமே இருந்திருக்கும். ஆட்டம் முடிந்ததும் உடலில் நீர் வற்றிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்புறம் அவர் பட்டத்தைத் திரும்பப் பிடிக்கவே இல்லை, 1989-இல் ஓய்வு. மொத்தம் 35 ஆட்டம், 32 வெற்றி. குரூஸின் குத்து கம்மி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈரக் காற்றும் மேகமுமான ஊரில் வளர்ந்த உலக சாம்பியனின் காலையே அந்த வெயில் வாரிவிட்டது. அவருக்கே அந்த நிலை என்றால், முந்தைய நாளே தண்ணீரை நிறுத்திவிட்டு, ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் நம்ம பாலக்காட்டுச் சூட்டில் தகரக் கூரைக்குக் கீழே மேடையேறும் பையன் என்ன ஆவான்?

இவர்கள் செய்வதை நேரில் பார்த்தால் தலை சுற்றும். டீ சர்ட்டுக்கு மேல் ரெயின்கோட் போட்டு உச்சி வெயிலில் ஓட்டம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி. போடாமல் காருக்குள் உட்காருவது. பபிள்கம் மென்று பாட்டிலில் எச்சில் துப்புவது. ஒரு பையனை அவன் அம்மா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். "வாயக் கொப்பளிச்சுத் துப்பறானுங்க, ஒரு மொடக்கு முழுங்க மாட்டீங்கறான்" என்று அழுதார். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நிற்கிறது. படுத்திருந்தவனை எழுப்பி நிறுத்தியதும் ரத்த அழுத்தம் சரிகிறது, நாடி எகிறுகிறது. சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) நிறம். அந்த நிறம் வந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அவனைப் போட்டிக்கு அனுப்புகிற பேச்சே இல்லை, நேராக அட்மிஷன்.

உடல் எடையில் இரண்டு சதவீத நீர் போனாலே ஆட்டம் மந்தமாகும். 61-இல் நாலு கிலோ என்றால் ஆறு சதவீதத்துக்கும் மேல். ரத்தம் சுண்டும், இதயம் வேகமெடுக்கும், வியர்வை குறைந்து உடம்புச் சூடு உள்ளேயே தங்கும். உப்புகளின் அளவு தடுமாறினால் இதயத் துடிப்பே தப்பும். 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் மாறின. எடை பார்த்து முடிந்ததும் ஒரு பாட்டிலைக் காலி செய்தால் சரியாகிவிடும் என்பது பையன்களின் நம்பிக்கை. அமெச்சூரில் காலையில் எடை, அன்றைக்கே ஆட்டம். செல்களிலிருந்து வெளியே போன நீர் அதற்குள் முழுசாகத் திரும்பாது.

மாத்திரை, டிரிப் இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. நீர் பிரிக்கும் ஃபுரோசமைடு வகை மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் டிரிப் ஏற்றுவதும், ஆஸ்பத்திரி சிகிச்சைக்காக இல்லாவிட்டால், தடைதான். மெடிக்கலில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று வாங்கிப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குறைத்தே ஆகவேண்டும் என்றால் வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அதாவது நாலு கிலோவுக்கு ஒன்று இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். இன்னும் வளர்கிற வயதுப் பையன் என்றால் குறைக்கவே வேண்டாம், மேல் பிரிவில் ஆடட்டும். தினம் காலையில் எடையும் சிறுநீர் நிறமும் பார்த்தால் போதும், வேறு கருவி தேவையில்லை. வியர்வை கொட்டிய பிறகு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போன சோடியத்தை ஈடுகட்டும் அளவு அதில் இல்லை.

கடைசியாகத் தலை. குத்துச்சண்டையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள மெல்லிய சிரைகள் கிழிந்து ரத்தம் கட்டுவது. நீர் வற்றிய உடம்பில் இந்த ஆபத்து கூடுமோ என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கு உண்டு. ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. பையன் நடந்து, பேசி, சிரித்து வீடு வந்த பிறகும் சில மணி நேரம் கழித்து நிலைமை மோசமாகலாம். தலைவலி ஏறிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சுக் குழறல், தட்டியும் எழாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

நம்ம பக்கத்தில் இந்த இடத்தில்தான் நேரம் வீணாகிறது. பாலக்காடா, பார்டர் தாண்டிக் கோயம்புத்தூரா, எந்தக் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும், மாமன் வரட்டுமா என்று வாசலிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். சி.டி. ஸ்கேனும் நரம்பியல் அறுவை மருத்துவரும் ராத்திரியிலும் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று போட்டிக்கு முன்னாலேயே விசாரித்து, அந்த நம்பரைக் கோச்சின் போனிலும் பையனின் அம்மா போனிலும் ஏற்றி வையுங்கள்.