நம்பர் போட்ட வாட்ச்னு சொல்லி வித்தாங்களா? கொஞ்சம் காதுகிட்ட வச்சுப் பாருங்க

போன மாசம் ஒரு பையன் என் வாட்ச் ரிப்பேர் கடைக்கு வந்தான், இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும், தோள்ல ஆபீஸ் பேக், கையில பெரிய டப்பா. "அண்ணா, இது ஒமேகா ஸ்னூப்பி, லிமிடெட் எடிஷன், உலகத்துலயே மொத்தம் 1970 பீஸ்தான், இன்ஷூரன்ஸுக்கு ஒரு செக் பண்ணி எழுதிக் குடுங்க"ன்னான். வாட்ச்ச வெளிய எடுத்து உடனே திருப்பி முதுகுப்பக்கத்தக் காட்டினான், "நம்பர் பாருங்கண்ணா, பொறிச்சிருக்கு". டயல காட்டவே இல்ல. இந்தத் தொழில்ல இருபது வருஷத்துல நான் கவனிச்சது, வாட்ச்ச திருப்பிக் காட்டறவங்கதான் பெரும்பாலும் ஏமாந்து வர்றாங்க.

அவன் சொன்ன வாட்ச் நெஜமாவே இருக்கு, அதுல சந்தேகமில்ல. ஒமேகாங்கற சுவிஸ் கம்பெனியோட ஸ்பீட்மாஸ்டர் வரிசைல 2015ல வந்த சில்வர் ஸ்னூப்பி மாடல், ஸ்னூப்பின்னா ஒரு கார்ட்டூன் நாய். 1970 பீஸ்னு ஏன் வச்சாங்கன்னா அப்போலோ 13ங்கற விண்கலம் நிலாவுக்குப் போனது 1970ல. ஏப்ரல் 11 கிளம்பிச்சு, ரெண்டு நாள் கழிச்சு ஆக்சிஜன் டேங்க் வெடிச்சுது, நிலாவும் வேணாம் ஒண்ணும் வேணாம் உயிரோட வீடு வந்தா போதும்னு ஆயிடுச்சு. கரண்ட்ட மிச்சப்படுத்த கப்பல்ல பாதி சாமான அணைச்சு வச்சிருக்காங்க, பாதைய கொஞ்சம் திருத்தணும்னா இஞ்சின சரியா 14 செகண்ட் எரிக்கணும், அந்த 14 செகண்ட அதுல போன மூணு பேர்ல ஒருத்தரான ஜாக் ஸ்விகர்ட் கையில கட்டியிருந்த ஸ்பீட்மாஸ்டர்ல பாத்துச் சொன்னாரு. மூணு பேரும் 17ம் தேதி கடல்ல பத்திரமா வந்து விழுந்தாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல விண்வெளி வீரர்கள் தங்களுக்கு ஒத்தாசையா இருந்தவங்களுக்கு குடுக்கற சில்வர் ஸ்னூப்பி விருத ஒமேகாவுக்கும் குடுத்தாங்க. நாய் பொம்மை வாட்ச்ல வந்த கத இதுதான், குழந்தைங்க வாட்ச்னு நெனச்சு சிரிக்கறவங்களுக்காக சொல்றேன்.

டிசைன்ல எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா, கதைய டயல்லயே ஒளிச்சு வச்சிருக்கறது. வெள்ளை டயல், ஓரத்துல 0 செகண்ட்ல இருந்து 14 செகண்ட் வரைக்கும் மட்டும் பொடி எழுத்துல ஒரு வரி, பதினாலு செகண்ட்ல உன்னால என்ன பண்ண முடியும்னு அர்த்தம் வர்ற மாதிரி. பட்டன அமுக்கினா பெரிய முள் அந்த வரிய தடவிக்கிட்டே போகும், வரி முடியற எடத்துல பதினாலு. 9 மணி பக்கம் இருக்கற சின்ன டயல்ல ஸ்னூப்பி படுத்துத் தூங்குது, தோல்விங்கற பேச்சுக்கே எடமில்லன்னு கனவு காணுது. (அந்த வசனத்த 1970ல யாரும் பேசல, பின்னாடி வந்த சினிமாவுக்கு எழுதினது, இருந்தாலும் நாய் கனவுல வந்தா தப்பில்ல.) பின்மூடில நீல எனாமல் மேல வெள்ளில செஞ்ச ஸ்னூப்பி, சுத்தி வெள்ளித்தூள நட்சத்திரமா தூவியிருப்பாங்க. அழகுதான். ஆனா அந்த அழகுலதான் வம்பும் இருக்கு, பின்மூடி வெள்ளி மெடலால மூடியிருக்கறதால உள்ள ஓடற மெஷின் கண்ணுக்குத் தெரியாது. டூப்ளிகேட் பண்றவனுக்கு இத விட என்ன வேணும், வெளிய அச்சா செஞ்சுட்டா போதும், உள்ள எத வேணா போட்டு மூடிடலாம்.

சரி பையனோட வாட்சுக்கு வருவோம். நான் தொறக்கவே இல்ல, காதுகிட்ட கொண்டு போய் லேசா ஆட்டினேன். உள்ள கொரகொரன்னு ஒரு சத்தம், ஏதோ சக்கரம் சுத்தற மாதிரி. அவன்கிட்ட குடுத்து "தம்பி நீயே கேளு"ன்னேன். கேட்டுட்டு "ஆமாண்ணா, ஆட்டோமேட்டிக்ல அது வரும்ல"ன்னான். அங்கதான் முடிஞ்சுது. நெஜ ஸ்னூப்பில இருக்கறது 1861னு ஒரு மெஷின், அது சாவி குடுக்கற மெஷின், கை ஆட்டத்துல சுத்தி தானா சாவி ஏத்தற ரோட்டர்ங்கற சக்கரம் அதுல கெடையவே கெடையாது. ரோட்டர் இல்லாத வாட்ச்ல ரோட்டர் சத்தம் எப்படி வரும்?

அவனுக்கு இன்னும் நம்பிக்க போகல, முகத்த பாத்தா பாவமா இருந்துச்சு, சரின்னு டைம்கிராஃபர்ல வச்சேன். அது ஒரு மைக் மாதிரி, வாட்ச்சோட நாடித்துடிப்ப எண்ணிச் சொல்லும். 1861 மணிக்கு 21,600 தடவ துடிக்கும், அதாவது செகண்டுக்கு 6 டிக். டைம்கிராஃபர் காட்டினது 28,800, செகண்டுக்கு 8 டிக். அது வால்ஜூ 7750 குடும்பத்துத் துடிப்பு, 1970கள்ல சுவிஸ்ல வந்த நல்ல மெஷின்தான், அதோட சீன காப்பிய நிறைய டூப்ளிகேட்ல போடறாங்க. பின்மூடிய கழட்டினதும் ரோட்டர் பளபளன்னு முகத்துக்கு நேரா நின்னுச்சு. லூப்ப, அதாவது கண்ணுல மாட்டற பூதக்கண்ணாடிய, மாட்டிக்கிட்டு அந்த பதினாலு செகண்ட் வரிய பாத்தா எழுத்து ஓரமெல்லாம் மை பரவின மாதிரி, ஒரிஜினல்ல அவ்ளோ பொடி எழுத்தும் கத்தியால வெட்டின மாதிரி நிக்கும்.

ஒரு நல்ல பைக் வாங்கற காசு போச்சு. "ஒரிஜினல்னா இதுக்கு மேல விலை வருமேன்னு கூட யோசிச்சேன்ணா, அவசரமா காசு தேவைப்படுது அதான் கம்மியா தர்றேன்னு சொன்னாரு"ன்னான். விக்கறவன் எப்பவும் அவசரத்துலதான் இருப்பான்.

நம்பர் விஷயம் சொல்லணும். லிமிடெட் எடிஷன்னா 1970 பீஸ்ல இத்தனாவதுன்னு பொறிச்சிருப்பாங்க, அது ஒண்ண வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா வாட்ச்லயே காப்பி அடிக்க ரொம்ப சுலபமான எடம் அதுதான். லேசர் மெஷின் எந்த நம்பர வேணாலும் எழுதும். ஒரே நம்பர் உள்ள ரெண்டு வாட்ச்ச ரெண்டு ஊர்க்காரங்க என்கிட்ட கொண்டு வந்திருக்காங்க, ரெண்டும் டூப்ளிகேட். கார்டு, டப்பா, பில்லு எல்லாமே தனியா விக்குது. காப்பி அடிக்க கஷ்டமானது மெஷின்தான், அதப் பாக்காம மத்தத எல்லாம் பாத்துட்டு வர்றாங்க.

வீட்லயே செய்யக்கூடிய சோதனை ஒண்ணு இருக்கு, அதுக்கு க்ரோனோகிராஃப் எப்படி வேல செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும். க்ரோனோகிராஃப்னா நேரத்த எழுதறதுன்னு அர்த்தம், 1821ல பாரிஸ்ல ரியூசெக்னு ஒருத்தர் குதிரை ரேஸுக்காக செஞ்சது நெஜமாவே டயல் மேல மைப்புள்ளி வச்சுச்சு, பேரு அப்பலேர்ந்து ஒட்டிக்கிச்சு. ஸ்பீட்மாஸ்டர்ல நடுவுல இருக்கற நீள முள் மணி காட்டறதுக்கான செகண்ட் முள் இல்ல, அது சும்மா 12ல நிக்கும், 2 மணி பக்க பட்டன அமுக்கினாதான் ஓடும், திரும்ப அமுக்கினா நிக்கும், 4 மணி பக்க பட்டன அமுக்கினா பழைய எடத்துக்கு ஓடி வரும். எப்பவும் ஓடற செகண்ட் முள் 9 மணி பக்கம் சின்ன டயல்ல. நடு முள் எதுவும் அமுக்காம சும்மா ஓடிக்கிட்டே இருந்தா, அத வித்தவன் முகத்துல கூட முழிக்காதீங்க.

அந்த முள் பூஜ்யத்துக்கு வர்ற வித்தை இருக்கே, அது எனக்கு இன்னைக்கும் சலிக்கல. முள்ளோட அச்சுல ஹார்ட் வடிவத்துல ஒரு குட்டித் தகடு இருக்கும், அடால்ஃப் நிகோல்ங்கறவர் 1844ல பேடன்ட் வாங்கினது. பட்டன அமுக்கினா ஒரு சுத்தியல் அந்தத் தகட்டு மேல விழும், முள் 10ல நின்னாலும் 47ல நின்னாலும் தகடு வழுக்கிக்கிட்டு அதோட பள்ளத்துக்கே வந்து உக்காரும், அதான் பூஜ்யம். அதனால அமுக்கினதும் முள் டக்குனு நேரா 12ல வந்து உக்காரணும். அரை செகண்ட் தள்ளி நின்னாலோ, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல நின்னாலோ, ஒண்ணு டூப்ளிகேட், இல்ல யாரோ தெரியாதவங்க முள்ள புடுங்கி மாட்டியிருக்காங்க. ரெண்டுமே விலையப் பேசறதுக்கு முன்னாடி தெரிய வேண்டிய சமாச்சாரம்.

ஆனா வாட்ச்சே ஒரிஜினல், மெஷினும் ஒரிஜினல்னா ஜெயிச்சாச்சான்னா அதுவும் இல்ல. 2021 நவம்பர்ல ஜெனிவால பிலிப்ஸ்ங்கற ஏலக் கம்பெனி நடத்தின ஏலத்துல 1957ம் வருஷத்து ஸ்பீட்மாஸ்டர் ஒண்ணு 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல போச்சு, டயல் வெயில்ல காஞ்சு காபி கலருக்கு மாறியிருந்த அழகுக்காகவே. ரெண்டு வருஷம் கழிச்சு அது பல வாட்ச்லேர்ந்து பாகம் எடுத்துச் சேத்து செஞ்சதுன்னு தெரிய வந்துச்சு, எங்க பாஷைல ஃபிராங்கன் வாட்ச். கூத்து என்னன்னா அத ஏலத்துல எடுத்ததே ஒமேகா, தன்னோட மியூசியத்துக்காக. தங்கள்ட்ட வேலை பாத்தவங்களே இதுல சேந்திருக்காங்கன்னு கம்பெனியே அறிவிச்சுது. செஞ்சவன் வீட்டுக்கே இந்த கதின்னா, இன்ஸ்டாகிராம்ல வாங்கறவன் கதிய நெனச்சுப் பாருங்க.

இப்ப எதிர்பக்கம். அதே வாரம் ஒரு பெரியவர் வந்தாரு, எம்பது வயச நெருங்குது, கப்பல்ல இஞ்சினியரா இருந்தவராம், 1969ல சிங்கப்பூர்ல வாங்கின ஸ்பீட்மாஸ்டர கர்ச்சீப்ல சுத்தி எடுத்துட்டு வந்தாரு. டப்பா இல்ல, பேப்பர் இல்ல, நம்பர் பொறிச்ச லிமிடெட் எடிஷனும் இல்ல, கடைல சும்மா வித்த வாட்ச். "தம்பி, பேரன் கல்யாணம் வருது, நல்லா பாலிஷ் போட்டு, இந்த தேஞ்ச வளையத்த புதுசா மாத்தி, டயல்ல பழுப்பேறின புள்ளியெல்லாம் வெள்ளையாக்கிக் குடுங்க, பாக்க புதுசு மாதிரி இருக்கணும்"னாரு.

எனக்கு பக்குனு ஆயிடுச்சு. டயல சுத்தி இருக்கற அந்த கறுப்பு வளையம் இருக்கே, டாக்கிமீட்டர், ஒரு கிலோமீட்டர் ஓட எத்தன செகண்ட் ஆச்சோ அத வச்சு வேகம் சொல்லும், ரயில்ல போறப்ப கிலோமீட்டர் கல்ல பாத்து அமுக்கினா 40 செகண்டுக்கு 90னு காட்டும். அந்த 90 பக்கத்துல ஒரு புள்ளி இருக்கும். 1970 வாக்குல வரைக்கும் வந்ததுல புள்ளி 90க்கு மேல தலைல உக்காந்திருக்கும், அப்புறம் வந்ததுல பக்கவாட்டுக்கு வந்துடுச்சு. தலைல புள்ளி உள்ள வளையம் மட்டும் தனியாவே பெரிய விலை போகுது, கலெக்டர்ஸ் அலையறாங்க. பெரியவரோடது தலைல புள்ளி. அவரு குப்பைல போடச் சொன்னது அதத்தான்.

"ஐயா, இத நான் தொட மாட்டேன், மெஷின மட்டும் ஓவராயில் பண்ணித் தர்றேன்"னு சொன்னேன். அவருக்குக் கோவம், காசு குடுக்கறேன்ல உனக்கென்னன்னு கேட்டாரு. உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து லூப்ப கையில குடுத்து காட்டினேன். இந்த கேஸ்ல ஸ்ட்ராப் மாட்டற காது வளைஞ்சு எறங்கற எடத்துல ஒரு கோடு கூர்மையா ஓடுது பாருங்க, ஒரு பக்கம் மேட், ஒரு பக்கம் பளபளப்பு, பாலிஷ் சக்கரத்துல ஒரு தடவ வச்சா அந்த கோடு சோப்பு மாதிரி கரைஞ்சுடும், தேச்ச இரும்ப யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. பழுப்பேறின புள்ளி அழுக்கு இல்ல, அம்பத்தஞ்சு வருஷத்து வயசு. மேல இருக்கற கிளாஸ் பிளாஸ்டிக் வகைதான், அதுல கீறல் இருந்தா பேஸ்ட் போட்டு தேச்சா போயிடும், அத மட்டும் தாராளமா பண்ணலாம்னேன்.

சர்வீஸுக்கு குடுக்கறவங்க எல்லாருக்கும் இதான் சொல்றேன், எங்க குடுத்தாலும் சரி, பாலிஷ் வேணாம், மாத்தற பழைய பாகத்த திருப்பிக் குடுக்கணும்னு சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க. வாய்ல சொன்னா மறந்துடுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட டயலையே ஒரு எடத்துல புதுசா மாத்தி, பழசு எங்கன்னு கேட்டதுக்கு போட்டாச்சுன்னு சொன்னாங்க, அவரு நல்லதுன்னு நெனச்சு டிப்ஸ் வேற குடுத்திருக்காரு.

ஒழுங்கா வாங்கினவங்க பண்ற தப்பும் கொஞ்சம் இருக்கு, வேகமா சொல்லிடறேன். நடு முள் ஓடினா அழகா இருக்குன்னு நாள் பூரா ஓட விடறது, பக்கவாட்டுல பல்லு மாட்டற இந்த வகை மெஷின்ல அது தேவையில்லாத தேய்மானம். முள் ஓடறப்பவே 4 மணி பட்டன போட்டு அமுக்கறது, நிறுத்திட்டுத்தான் அமுக்கணும். 50 மீட்டர்னு போட்டிருக்கேன்னு நீச்சல் குளத்துல எறங்கறது, என்னக் கேட்டா கை கழுவறப்ப தண்ணி பட்டா பயப்பட வேணாம், அதோட சரி, தண்ணிக்குள்ள பட்டன அமுக்கினா உப்போ குளோரினோ நேரா உள்ளதான். சாவி குடுக்கறப்ப கையில கட்டிக்கிட்டே குடுக்காதீங்க, கழட்டி வச்சு நேரா குடுங்க, டைட்டானதும் நிறுத்துங்க. திடீர்னு நாளுக்கு பல நிமிஷம் வேகமா ஓடுதுன்னா பயந்துடாதீங்க, ஸ்பீக்கர் மேலயோ காந்தம் வச்ச போன் கவர் மேலயோ வச்சிருப்பீங்க, காந்தம் எறக்கற மெஷின்ல ஒரு நிமிஷ வேல அது, சிலபேர் அதுக்கே ஃபுல் சர்வீஸ் பில்லு போடறாங்க.

பெரியவர் நேத்து வந்து வாட்ச்ச வாங்கிட்டுப் போனாரு. மெஷின் சுத்தம் பண்ணி ஆயில் போட்டாச்சு, நாளுக்கு நாலு செகண்ட் வேகம், அவ்ளோதான். வெளிய ஒரு கீறலக் கூட தொடல. பட்டன அமுக்கி முள் ஓடறத கொஞ்ச நேரம் பாத்தாரு, நிறுத்தினாரு, 4 மணி பக்க பட்டன அமுக்கினாரு, முள் ஓடி வந்து 12ல உக்காந்துச்சு. "கப்பல்ல பாய்லர் டியூட்டில இதத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்"னு சொல்லிட்டு, "அந்த புள்ளி எங்க இருக்குன்னு இன்னொரு தடவ காட்டு தம்பி, பேரன்கிட்ட சொல்லணும்"னு லூப்புக்கு கைய நீட்டினாரு.